நெய்க்காரப்பட்டிக் காருக்கு டேங்க் மாட்டிய கதை

எஞ்சின் வேலை பார்ப்பவரை மெக்கானிக் என்பார்கள், பெயிண்ட் அடிப்பவரை பெயிண்டர் என்பார்கள், சீட்டுத் தைப்பவரைக்கூட மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். பெட்ரோல் டேங்க் வேலை பார்க்கிற என்னை மட்டும் திண்டுக்கல்லில் 'ஓட்டை அடைக்கிற பாய்' என்பார்கள். இந்தத் தொழிலில் என்னோடு சேர்ந்து வதைபடும் சகோதரர்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நெருப்புக்கும் மனுசனுக்கும் நடுவில் ஒரு தகரத்தை வைப்பதுதான் நம் வேலை. அந்தத் தகரத்தை வைக்கவிடாமல் கையைப் பிடித்து இழுப்பதுதான் வாடிக்கையாளர்களின் வேலை. வயிறு எரிந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன்.

இதில் வருகிற சம்பவங்கள் எல்லாம் ஒரே ஒரு காரைப் பற்றியவை. பத்து வருசத்துக்கு வேண்டிய ரோதனையை அந்த ஒரு கார் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனது.

பஞ்சு போன இடம்

தண்டபாணிக்கு நெய்க்காரப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு. முப்பது வயசு, கல்யாணமானவர், பேச்சில் அம்புட்டு மரியாதை. பழைய குட்டிக் கார் ஒன்றை வாங்கி, பின் சீட்டைப் பிடுங்கி, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, மண் தடத்தில் நடக்கிற கார் பந்தயத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். போன தடவை பந்தயத்தில் வண்டியைச் சோதித்தவர்கள், "இந்தப் பழைய டேங்கோட ஓட விடமாட்டோம், ஃபியூல் செல் மாட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஃபியூல் செல் என்றால் பந்தய டேங்க். வெளியே அலுமினியப் பெட்டி, அதற்குள் முரட்டு ரப்பர் பை, பைக்குள் முழுக்க ஓட்டை ஓட்டையாய் ஒரு பஞ்சு. கார் கவிழ்ந்தால் பெட்டி நசுங்கும், பை கிழியாது. பஞ்சு பெட்ரோலை அலம்பவும் விடாது, ஆவி ஒரேயடியாய்ப் பற்றிக்கொள்ளவும் விடாது.

தண்டபாணி டேங்கை ஆன்லைனில் அவரே வாங்கிவிட்டார். மினி லாரியில் காரை ஏற்றி, டேங்கை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். மூடியைக் கழற்றி உள்ளே கையை விட்டேன். கை முழங்கை வரைக்கும் தாராளமாகப் போனது. பஞ்சைக் காணோம்! "எங்கே தம்பி பஞ்சு?" என்றேன். "அத நாந்தாங்க எடுத்துட்டனுங்க. எடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குதுங்க, பெட்ரோல் கம்மியாத்தான் புடிக்குமாட்டங்குது" என்றார், பெரிய வேலையை முடித்துவைத்த பெருமையோடு. ஏன்யா, அந்த டேங்குக்கு உயிரே அந்தப் பஞ்சுதானே! பாராசூட்டு வாங்கி, பாரமாக இருக்கிறது என்று துணியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வருவானா ஒருத்தன்? "தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்று கத்தினேன். அவர் பதறிப்போய்ச் சொன்னார்: "ஐயோ, போடலீங்க பாய். எங்கப்பா டிராக்டர் சீட்டுக்குப் போட்டு உக்காந்துக்கிட்டிருக்காருங்க, இடுப்பு வலிக்கு நல்லா சொகமா இருக்குதாமுங்க."

பாட்டுக்கு இடம்

பஞ்சு திரும்பி வந்தது. சோப்புத்தூளில் ஊறவைத்து, கல்லில் அடித்து, தென்னமரத்துக்கும் மோட்டார் ரூமுக்கும் குறுக்கே கொடி கட்டிக் காயப்போட்டுக் கொண்டுவந்தார்கள். அதைப் பெட்ரோலுக்குள் போட்டால் உதிரி உதிரியாய்ப் பிரிந்து குழாயை அடைக்கும். "புதுசு வரவழைச்சாத்தான் வேலையைத் தொடுவேன்" என்று சொல்லிவிட்டேன். வந்தது.

அடுத்த பஞ்சாயத்து, எங்கே மாட்டுவது என்று. டிக்கியில் நடுவாக, இரண்டு பக்கமும் இடம் விட்டு, இரும்புப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுவேன் என்றேன். பக்கவாட்டில் இன்னொரு வண்டி வந்து இடித்தாலும் டேங்கில் படாது. தண்டபாணி தலையைச் சொறிந்தார். டிக்கி வேண்டாமாம். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், இன்னொரு ஆள் உட்காரும் இடத்தில் மாட்ட வேண்டுமாம். தொடையை ஒட்டிப் பெட்ரோல் டேங்க்! "டிக்கியில என்ன வைக்கப் போறீங்க?" என்று கேட்டேன். "பெரிய ஸ்பீக்கருங்க" என்றார். பந்தயக் காருக்குள் ஸ்பீக்கர்! தலைக்கு ஹெல்மெட், காதுக்குப் பஞ்சு, எஞ்சின் போடுகிற சத்தத்தில் பக்கத்துத் தோப்பு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். இதில் யாருக்கய்யா பாட்டு? அரை மணி நேரம் தொண்டைத் தண்ணி வற்ற எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க பாய்" என்றார். அப்பாடா என்று உட்கார்ந்தேன். "அப்ப டேங்க டிக்கியில மாட்டிட்டு, அது மேலயே ஸ்பீக்கர வெச்சுப்போடலாங்களா?"

காலி டேங்க்

பழைய டேங்கை நானே கழற்றி, பெட்ரோலை வடித்து, சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்தேன். அதை இரண்டாகப் பிளந்து கன்றுக்குட்டிக்குத் தண்ணித் தொட்டி ஆக்க வேண்டும் என்று தண்டபாணியின் அப்பாவுக்கு ஆசை. போனில் என்னிடம் கேட்டார், முடியாது என்றேன். மனுசன் விடவில்லை. பக்கத்துப் பட்டறை வெல்டர் மாரியப்பனைப் பிடித்துவிட்டார்.

மாரியப்பனும் நானும் ஒரே தெருவில் தொழில் பார்க்கிறவர்கள். ஒரே கடையில் டீ, ஒரே மரத்தடியில் சாப்பாடு. நான் வெளியே போய் வாங்க வேண்டிய போல்ட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், இந்த மகராசன் என் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, காலடியில் கேஸ் கட்டரும் ஒரு கையில் லைட்டருமாக, டேங்கின் மேல் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான். ஓடிப்போய் லைட்டரைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். நிறைஞ்ச டேங்கு பற்றினால் எரியும், காலி டேங்கு பற்றினால் வெடிக்கும். உள்ளே நிற்கிற ஆவிதான் எமன். இது நமக்குத் தெரியும், சகோதரர்களே. நெருப்போடு இத்தனை வருசம் குடும்பம் நடத்துகிற அவனுக்குத் தெரியாதா? "ஏலே, பொண்டாட்டி புள்ளைக இருக்குல்ல உனக்கு?" என்று நான் போட்ட சத்தத்தில் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். மாரியப்பனுக்கு முகம் சுண்டிப்போனது. எல்லாரையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு என்னிடம் நியாயம் கேட்டான்: "ஏன் அப்பு இந்தக் குதி குதிக்கிற? உள்ள பெட்ரோலா இருக்கு? வெறும் வாசந்தானே இருக்கு!"

சுவரில் எழுதியது

என் பட்டறைச் சுவரில் ஆள் உயரத்துக்குச் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறேன்: 'பீடி, சிகரெட் பற்ற வைக்காதே.' எழுத்துக்குக் கீழே தீப்பெட்டி படம் போட்டு, அதன் மேல் பெருக்கல் குறியும் போட்டிருக்கிறேன். தண்டபாணி காரைப் பார்க்கத் தெருவே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அப்படி வந்த ஒருத்தர், அந்த எழுத்தின் மேலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு சுகமாகப் பீடியை இழுத்துக்கொண்டிருந்தார். காலுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கேன். "அண்ணே, பின்னாடி திரும்பி அத படிங்க" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. "வரும்போதே படிச்சுட்டேன் பாய். அது இங்க வேலை பாக்குறவுங்களுக்கு. நான் சும்மா வேடிக்கை பாக்க வந்தவன்."

வெள்ளிக்கிழமைப் புகை

அடுத்தவர்களை மட்டும் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம ஆளும் ஒருத்தர் இருக்கிறார். வெள்ளிக்கிழமையானால் சட்டியில் கங்கு அள்ளிப் போட்டு, சாம்பிராணியைத் தூவி, பரக்கத் என்கிற விருத்தி பெருகட்டும் என்று கடை கடையாகப் போய்ப் புகை காட்டுகிறவர். எங்கள் பேகம்பூர்ப் பகுதியில் அவர் நுழையாத கடை இல்லை. எனக்குத் தூரத்துச் சொந்தம், மாமு முறை. வழக்கமாக நான் வாசலிலேயே மறித்துக் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்து, புது டேங்கை டிக்கியில் உட்காரவைத்து, பெட்ரோல் ஊற்றி ஒழுக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை டிக்கிக்குள் விட்டுக்கொண்டிருந்தவனுக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது எப்படித் தெரியும்? மூக்கில் பெட்ரோல் வாசத்தோடு சாம்பிராணி வாசமும் சேர்ந்து ஏறியபோதுதான் திரும்பினேன். மாமு பட்டறைக்கு நட்ட நடுவில் நின்று, விசிறியால் வீசி வீசி, கங்கு கணகணவென்று சிவக்க, மூலை மூலையாகப் புகை காட்டிக்கொண்டிருக்கிறார்! "யா அல்லா!" என்று அலறி, அவரை அப்படியே இடுப்போடு கட்டித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். வயசான மனுசர், கோபித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. எனக்கும் சங்கடமாகிவிட்டது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. "மாமு, பரக்கத் வந்தா அதை வாங்கிக்கிட நான் உசுரோட இருக்க வேணாமா?" என்றேன். அவர் சட்டியைச் சரிசெய்துகொண்டு, விறைப்பாகச் சொன்னார்: "சரி, இனிமே வாசல்ல நின்னே வீசுறேன். கங்கு பறந்து உள்ள போனா அது அல்லா இஷ்டம், என்னையச் சொல்லக் கூடாது."

தகரத்தின் எடை

டேங்கை மாட்டியாகிவிட்டது. டேங்குக்குக் காற்றுப் போய்வர, கார் தலைகீழானால் தானாக அடைத்துக்கொள்கிற குண்டு வைத்த மூச்சுக்குழாயும் போட்டாகிவிட்டது. இனி டிக்கிக்கும் டிரைவருக்கும் நடுவே தடுப்புத் தகரம் அடைக்க வேண்டும். டேங்க் தப்பித்தவறி ஒழுகிப் பற்றினால் அந்தத் தகரம்தான் தீயைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். பெல்ட்டை அவிழ்த்து மனுசன் வெளியே வருவதற்குள்ள நேரம் அதுதான். அளவெடுத்து வெட்டி, மடித்து, ரிவெட் அடிக்கப் போகும்போது தண்டபாணி வந்து தடுத்தார். தகரம் கனமாம். பந்தயத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டாம். வண்டி இழுக்காதாம்.

இதைச் சொன்ன மனுசன் அப்போதுதான் பிரியாணிக் கடையிலிருந்து வந்திருந்தார். இரண்டு பிளேட்டு, கூடவே சுக்கா. சட்டைப் பட்டன் வயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்ததே கோபம்! "தகரம் இல்லாம இந்த வண்டி என் வாசப்படியைத் தாண்டாது" என்றேன். "அப்ப நான் வேற பட்டறையப் பாத்துக்கறனுங்க" என்றார், மரியாதை கொஞ்சமும் குறையாமல். போய்யா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்ல முடியவில்லை. வேறு பட்டறையில் தகரம் இல்லாமலே விட்டுவிடுவார்கள், இந்த மனுசன் அதிலேயே ஏறி ஓட்டுவார். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருமா?

அன்றைக்கு அவர் சம்சாரம் பூங்கொடியும் கூட வந்திருந்தது. பூ மார்க்கெட்டுக்கு வந்த இடத்தில், செத்த நேரம் உட்காரலாம் என்று ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. "ஏனுங்கண்ணா, அந்தத் தகரம் இல்லாட்டி என்னங்க ஆகும்?" என்றது. நான் சுற்றி வளைக்கவில்லை. "வண்டி கவுந்து பத்திக்கிச்சுன்னா, தீ நேரா இவர் பிடரிக்குத்தாம்மா வரும்" என்றேன். தண்டபாணி தரையைப் பார்த்தார். பூங்கொடி எழுந்து, புருசனை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தது. "தகரத்த அடிங்கண்ணா. வெயிட்டு ஜாஸ்தியாச்சுன்னா இவரைக் கொறைச்சுக்கலாம்."

சூடம்

இனிமேல் சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றுமில்லை. வண்டியை எடுத்துப்போகிற அன்றைக்குத் தண்டபாணியின் அப்பா வந்தார். பூசணிக்காய், எலுமிச்சம்பழம், மாலை, சூடம் எல்லாம் கொண்டுவந்தார். பூசை போட்டு எடுப்பது நியாயமான ஆசை. புது வண்டி யார் வாங்கினாலும் நானே டயருக்கடியில் எலுமிச்சம்பழம் எடுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன். நான் பின்பக்கம் கை கழுவப் போன நேரத்தில், காலி டேங்கோடு பூசை போடக் கூடாது என்று இவர்களே கேனைத் தூக்கிப் பெட்ரோலை ஊற்றியிருக்கிறார்கள். புனல்கூட வைக்கவில்லை. பாதி டேங்குக்குள், மீதி பம்பரில். பம்பரிலிருந்து சொட்டு சொட்டாகத் தெருவில்.

நான் வெளியே வரும்போது டிக்கி திறந்து கிடக்கிறது, பெரியவர் பூசணிக்காய் மேல் சூடத்தைக் கொளுத்தி, காரைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறார். முன்பக்கம் தாண்டி, கதவு தாண்டி, டிக்கிக்கு இரண்டு எட்டு. கூப்பிட்டு நிறுத்த நேரமில்லை. பாய்ந்துபோய் அவர் கையைத் தட்டிவிட்டேன். பூசணிக்காய் நடுத்தெருவில் விழுந்து சிதறியது. சூடம் உருண்டது. தெரு முழுக்க என்னையே பார்த்தது. ஒரு பாய், பூசை போடுகிற பெரியவரின் கையைத் தட்டிவிட்டான். டீக்கடையிலிருந்து யாரோ, "ஏய், சாமி காரியத்துல கையை வைக்கிறியா?" என்று எழுந்து வந்தார். பயந்துபோனேன், உண்மையைச் சொன்னால் என்ன. அந்த நேரத்தில் உருண்ட சூடம் ஈரத்தைத் தொட்டது. குப்பென்று ஒரு கோடு, தெருவில் நீலமாக ஓடியது, நேராகக் காரைப் பார்த்து. மாரியப்பன் தன் வாசலில் கிடந்த மணலைக் கூடையோடு தூக்கிக் கொட்டினான். பம்பருக்கு ஒரு முழம் தள்ளித் தீ நின்றது.

எழுந்து வந்தவர் அப்படியே திரும்பிப்போய் உட்கார்ந்தார். தண்டபாணி என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. பெரியவர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு டிக்கியை மூடச் சொல்லி, தரையைக் கழுவச் சொல்லி, காரைத் தெருக் கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டுபோகச் சொன்னார். இங்கேயே நின்றுகொண்டு புதுச் சூடத்தைக் கொளுத்தித் தூரத்துக் காருக்குக் காட்டினார். அதுக்குப் பிறகு என் பக்கம் திரும்பி, "ஏனுங்க பாய், இம்புட்டு தூரம் போதுமுங்களா, இல்ல நான் நெய்க்காரப்பட்டிக்கே போயி அங்கிருந்து காட்டட்டுங்களா?"

போன்

பந்தய நாளில் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு ஸ்கூட்டர் டேங்கை மூன்று தடவை கழுவினேன். சாயங்காலம் தண்டபாணி எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது பூங்கொடி. "அண்ணா, வண்டி கவுந்துருச்சுங்க" என்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். திருப்பத்தில் கார் சரிந்து, இரண்டு பல்டி அடித்து, தலைகீழாக நின்றிருக்கிறது. டிக்கி அப்பளமாம். அலுமினியப் பெட்டியில் தலை அளவு பள்ளமாம். தண்டபாணி பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கியிருக்கிறார். முன்னால் எஞ்சின் சூடு, பின்னால் டேங்க் நிறையப் பெட்ரோல் என்று, ஆட்கள் ஓடி வந்து கூண்டுக்குள் கையை விட்டு இழுத்துப் போடும் வரைக்கும். தோள்பட்டையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். சொல்லி முடிக்கும்போது பூங்கொடி அழுதுவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் சொன்னேன்.

பிறகு போனைத் தண்டபாணி வாங்கினார். ஒரு வார்த்தை நன்றி சொல்லப் போகிறார் என்று, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, காதை நன்றாகவே ஒட்டி வைத்துக்கொண்டேன். அதே மரியாதை, அதே நிதானம். "பாய், நீங்க பயந்த மாதிரியெல்லாம் ஒண்ணுமே ஆவலீங்க, ஒரு சொட்டுக்கூடச் சிந்தல. அதான் சிந்தறதே இல்லீங்களே, அடுத்த பந்தயத்துக்கு அந்தத் தகரத்தக் கழட்டிப்போடலாங்களா?"

ஆக, சகோதரர்களே, நம் தொழிலில் வேலை சரியில்லை என்றால் நெருப்பு வந்து காட்டிக்கொடுத்துவிடும், வேலை சரியாக இருந்தால் ஆள் பிழைத்து வந்து, அது தேவையே இல்லை என்று நம்மிடமே சொல்வான்.